முன்வரிசைக் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்துல் குத்தூஸின் தொண்டை கட்டிக்கொண்டது. எட்டே முக்கால் வரை நன்றாகத்தான் இருந்தது. எட்டே முக்காலுக்கு அப்புசாமி போன் செய்து, "பாய், அந்தப் புள்ள லோகப்பிரியா நூறாம் நாள் கூட்டத்துக்கு வாரேன்னு சொல்லிப்போட்டாளுங்க" என்றார். கால் மணி நேரம் கழித்துக் குத்தூஸ் திருப்பிக் கூப்பிட்டு, பாதி காற்றும் பாதி கரகரப்புமாக, "அண்ணா, தொண்ட சுத்தமாப் போயிருச்சுங்க. வரவேற்புரைய நீங்களே பேசிருங்க" என்றார்.

தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து, ஓடுகிற மோட்டார் சத்தத்துக்கு மேலே முப்பது வருடம் கத்திப் பழகிய தொண்டை அது. அந்தக் குரல் இன்றைக்கு லோகப்பிரியாவின் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். விழுந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் அவருடைய மானம் ஊர் சிரிக்கப் போய்விடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குத்தூஸின் நெஞ்சு நூறு நாளாகக் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தாஜுன்னிசா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"வேலண்ணன் பரவால்லீங்க. நடிக்கறேன்னு சொல்லிப்போட்டு நடிச்சாரு."

குத்தூஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வரலீங்க. அந்தப் புள்ள மூஞ்சிய என்னால பாக்க முடியாது. உங்களால முடியும்னா போய்ட்டு வாங்க."

பதில் சொல்ல வாயெடுத்தவர், தொண்டை கட்டியிருப்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

சூலூர் வேலனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் 'சந்திரா லாட்ஜ்' என்று ஒரு சிரிப்புத் தொடர் வியாழக்கிழமைதோறும் டிவியில் வந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டை லாட்ஜ், அதற்கு வேலன் மேனேஜர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவரின் காதிலிருந்து சோப்புக்கட்டியை எடுத்துக் கையில் கொடுப்பார். சாவி தொலைந்துவிட்டது என்று அழுகிறவரின் தலைப்பாகைக்குள் கையை விட்டுச் சாவி எடுப்பார். கேமரா வித்தை எதுவும் இல்லை, மனுஷன் நிஜமாகவே மேஜிக்காரர். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது இதற்கெல்லாம் அல்ல, அவர் விழுவதற்கு. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்துவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெட்டிய மரம் மாதிரி சாய்வார். லாட்ஜில் இருப்பவர்கள் சுற்றி நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். பத்தில் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்து ஒரு முழு முட்டையை எடுத்துவிட்டு, "இப்ப என்னங்க கேட்டீங்க?" என்பார். அதற்கு மேல் யாருக்கும் கேட்க வாய் வராது.

தொடர் நின்ற பிறகும் அந்த விழுகை நிற்கவில்லை. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஆண்டு விழா என்று எந்த மேடை ஏறினாலும் கடைசி அயிட்டம் அதுதான். அவர் சாய்ந்ததும் மண்டபமே சேர்ந்து எண்ணும். சில நாள் ஏழிலேயே எழுந்து ஏமாற்றுவார், சில நாள் பதிமூன்று வரை போவார். இந்தக் கணக்கையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர் குத்தூஸ். 'சந்திரா லாட்ஜ் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், அட்மின் அவர். எந்த ஊரில் எத்தனையில் எழுந்தார் என்று அவரைத்தான் கேட்பார்கள். சென்னிமலையில் ஒரு தடவை இருபத்தைந்து வரை படுத்திருந்ததை நேரில் பார்த்த ஒரே உறுப்பினர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வம்தான் கெடுத்தது.

நூறு நாளைக்கு முன் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. குத்தூஸ் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாஜுன்னிசா. வேலன் சாய்ந்தார். எண்ணினார்கள். பத்து தாண்டியது, சிரிப்பு கூடியது. பன்னிரண்டில் சிரிப்பு லேசாகத் தடுமாறியது. பதினான்கில், மேடையில் கூடவே நின்ற லோகப்பிரியா, மூன்று வருடமாக அவருக்குத் துணையாக மேஜிக் செய்கிற பெண், முகம் மாறி அவரிடம் குனிந்தாள். புதிதாகப் பார்க்க வந்தவர்கள் அப்போதே பயந்திருப்பார்கள். எல்லாம் தெரிந்த குத்தூஸ் பயப்படவில்லை. காயில் கடைக் குரலை எடுத்து, "அம்மணி, தொடாதீங்க, தொடாதீங்க. சென்னிமலைல இருபத்தஞ்சுங்க" என்று கத்தினார். மண்டபம் விசிலடித்தது, கத்தியது யாரென்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஒருவேளை தனக்குச் சொல்லாமல் அண்ணன் புதிதாக ஏதோ செய்கிறாரோ என்று நினைத்து, மேடைக்கான சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று வரை எண்ணினார்கள்.

அந்த அரை நிமிடம் முன்னதாகத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, அதை யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குத்தூஸ் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இது வரைக்கும் நடந்தது பிசகு. பாசத்தில் செய்த பிசகு என்றுகூடச் சொல்லலாம். அடுத்து நடந்ததுக்கு அந்தச் சலுகை கிடையாது. தகனம் முடிந்த மறுநாள் குரூப்பில் எல்லோரும் கடைசி நொடிகளைக் கேட்டார்கள். குத்தூஸிடம் மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி வீடியோ இருந்தது. தன் குரல் வருகிற இடம் வரை முன்பகுதியை வெட்டினார், அந்தப் பெண் அலறுகிற கடைசித் துண்டையும் வெட்டினார். மிச்ச நாற்பது வினாடியில் எண்ணுகிற சத்தம் கேட்டது, அதையும் அமுக்கி, மேலே ஒரு சோகப் புல்லாங்குழலைப் போட்டார். அஞ்சலி என்று எழுதி அனுப்பினார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. மிஞ்சிய வீடியோவில் என்ன இருந்தது? தரையில் வேலன் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் சிரித்தபடி நிற்கிறாள்.

'நின்னு சிரிக்கறாளே, மனுசியா இவ' என்று முதலில் எழுதியது யாரென்று நினைவில்லை. குத்தூஸ் அதற்குப் பதில் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். லோகப்பிரியாவுக்கு வந்திருந்த பிறந்தநாள் விழாக்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. வீட்டுக்காரர் வேறு வீடு பார்க்கச் சொன்னார். இப்போது ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறாள் என்று கேள்வி. ஒரே ஒரு யூடியூப்காரரிடம் மட்டும் பேசினாள்: "முன்வரிசைல இருந்து ஒருத்தர் தொடாதீங்கன்னு சொன்னாருங்க. லைட்டு கண்ணுல அடிக்கும், ஆளு தெரியாது. ஆனா அந்தக் குரல எங்க கேட்டாலும் சொல்லிருவேன்." அதற்குக் கீழே ஆயிரம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். குத்தூஸ் அந்தப் பேட்டியைப் பதினோரு தடவை பார்த்தார்.

நூறாம் நாள் நினைவுக் கூட்டம் டவுன்ஹால் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில். பத்து மணிக்கே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மேடையில் மேனேஜர் கோட்டுப் போட்ட வேலனின் படம், ரோஜா மாலை, பக்கத்தில் திரை. குத்தூஸ் வாசலில் வருகைப் பதிவு நோட்டோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையைக் கூப்பினார்.

பத்தரைக்கு லோகப்பிரியா வந்தாள். சாயம் போன பருத்திச் சேலை, தோளில் ஒரு பை. அவள் படியேறுவதைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி விலகினார்கள். நேராகக் குத்தூஸிடம்தான் வந்தாள். மூன்று வருடம் எத்தனையோ நிகழ்ச்சி, ஆனால் முடிந்ததும் அவள் பெட்டி கட்டப் போய்விடுவாள், இவர் வேலனோடு படம் எடுத்துக்கொள்ள நிற்பார். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏனுங்ணா, நீங்கதான் குத்தூஸ் அண்ணனுங்களா? குரூப்பு அட்மின்?"

தலையாட்டினார். கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தொண்டைங்களா? அடடா." பைக்குள் கையை விட்டு ஒரு துண்டு அதிமதுரத்தை எடுத்து நீட்டினாள். "வாய்ல அடக்கிக்கோங்க. வேலண்ணன் இதத்தான் வெச்சிருப்பாரு. மத்தியானத்துக்குள்ள குரல் வந்துருங்க."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒரு உதவி கேக்கணுங்ணா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாரும் ரெண்டு வார்த்த பேசறாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துது. கோபிக்கு வந்தவங்க ஒருத்தர் உடாம மைக்ல பேச வைங்க. அன்னைக்குக் கத்துனவரு எப்பவும் முன்னால உக்கார்ற ஆளு. இன்னைக்கும் வராம இருக்க மாட்டாரு. நான் சண்டை போட வரலீங்ணா. ஆருன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். பைத்தியமாட்ட எனக்கே சந்தேகமாப் போச்சு, அப்படியொரு குரலே வரலையோன்னு."

குத்தூஸ் இதற்கும் தலையாட்டினார். அதிமதுரத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வருகைப் பதிவு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

கூட்டம் தொடங்கியது. அப்புசாமிதான் நடத்தினார். சூலூரில் உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருக்கிறவர், கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம், கோபம் இரண்டையும் மிஞ்சும். முன்வரிசையில் நடுநாயகமாக வேலனின் மனைவி நாச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். கடைசி நாற்காலியில் குத்தூஸ். மேடையோரம் தனியாகக் கிடந்த நாற்காலியில் லோகப்பிரியா. அவளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காலியாகவே இருந்தது.

முதலில் பேசினவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஒரு தடவை அவர் வண்டியில் வேலன் ஏறினாராம். டிக்கெட் எடுங்க என்றதற்கு, கண்டக்டரின் காதுக்குப் பின்னாலிருந்தே ஒரு டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாராம். "அந்த டிக்கெட் செல்லுமா செல்லாதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க. செக்கிங்காரர் வந்துருவாரோன்னு உக்கடத்துல இருந்து சூலூர் வரைக்கும் எனக்கு வேர்த்துப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாச்சியம்மாளும் சிரித்தார். லோகப்பிரியா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் கண்ணைத் திறந்து, இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆனைமலையிலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்குப் புற்றுநோய் வைத்தியம் நடந்த நாட்களைச் சொன்னார். ஊசி போடுகிறபோதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து பத்து எண்ணுவார்களாம். பத்து முடிந்ததும் பையன் எழுந்து உட்கார்ந்து, நர்ஸைப் பார்த்து, "இப்ப என்னங்க கேட்டீங்க?" என்பானாம். "இப்பக் காலேஜ் போறானுங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தபடியே அழுதார். மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்கள். குத்தூஸும் அழுதார். வேலனுக்காக அழுதாரா தனக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு மைக் முன்வரிசைக்கு வந்தது. ஒவ்வொருவராகப் பேசப் பேச லோகப்பிரியாவின் கண் மூடித் திறந்தது, தலை ஆடியது. இன்னும் நான்கு பேர், மூன்று பேர், இரண்டு பேர். பக்கத்து நாற்காலிக்காரர் பேசி முடித்து மைக்கை அவரிடம் நீட்டினார்.

"அவருகிட்டக் குடுக்காதீங்க, பாய்க்குத் தொண்ட கட்டிப்போச்சு" என்று அப்புசாமி மேடையிலிருந்து சொல்லி, தானே வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். குத்தூஸ் மூச்சு விட்டார். தப்பித்தாகிவிட்டது. சாப்பாடு போட்டால் கூட்டம் முடிந்தது.

அப்புசாமி மேடைக்குத் திரும்பவில்லை. லேப்டாப் பக்கம் போனார்.

"கடைசியா நம்ம பாய் எடுத்த அந்த வீடியோவ ஒருக்கா பாத்துக்கலாமுங்க."

நிகழ்ச்சி நிரலில் இது கிடையாது. குத்தூஸ் எழுந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். "சவுண்டுங்களா? வெச்சுப்போட்டேன் பாய், உக்காருங்க" என்றார் அப்புசாமி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவார். அந்த ஒரு வார்த்தையைத்தான் குத்தூஸ் காலையிலேயே அடைத்து வைத்துவிட்டாரே.

திரையில் புல்லாங்குழல் அழுதது. வேலன் கிடந்தார். லோகப்பிரியா நின்று சிரித்தாள். கையளவுப் போனில் பார்த்த சிரிப்பு வேறு, சுவர் அகலத்துக்குப் பார்த்த சிரிப்பு வேறு. நாற்பது வினாடி முடிந்து திரை கறுத்தபோது மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் தப்பா ஒன்னும் கேக்கலீங்க" என்றார் அப்புசாமி. மைக்கை லோகப்பிரியாவிடம் நீட்டினார். "கூடவே நின்னியே கண்ணு. ஒரு கை புடிச்சுத் தூக்கணும்னு தோணலையா உனக்கு? அதை மட்டும் இந்த அக்காவுக்குச் சொல்லிப்போடு."

அவள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"குனிஞ்சனுங்க. முன்னால இருந்து ஒருத்தர் தொடாதீங்கன்னு சத்தம் போட்டாரு. எல்லாரும் விசிலடிச்சாங்க. அண்ணன் வேணும்னே படுத்திருக்காருன்னு நெனச்சேன்."

"ஆரும்மா அந்த ஒருத்தர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியலீங்க."

"வீடியோல ஒரு சத்தமும் வரலையே. உனக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கி முணுமுணுப்பானது, முணுமுணுப்பு வசவானது. 'வெளிய அனுப்புங்க இவள' என்றார் ஒருவர். கசக்கிய காகித டம்ளர் ஒன்று பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. லோகப்பிரியா முன்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குத்தூஸின் முகத்தில் மட்டும் பார்வை நிற்காமல் தாண்டிப் போனது. தொண்டை கட்டிய மனுஷன்தானே.

"சரிங்க" என்றாள். "அப்படியொரு குரல் வரலைன்னே வெச்சுக்குங்க. எம் மேலதான் தப்பு."

மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு நாச்சியம்மாளுக்கு முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் விழுவதற்காகக் குனிந்தாள்.

"அம்மணி, வேண்டாம். வுளுகாதீங்க."

மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய் மோதிய குரல். மைக் இல்லாமலே.

லோகப்பிரியா குனிந்தது குனிந்தபடி நின்றாள். மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புசாமிதான் முதலில் பேசினார்: "பாய், தொண்ட வந்துருச்சுங்களா?"

"இதுதாங்க" என்றாள் லோகப்பிரியா. "இந்தக் குரல்தாங்க அது."

குத்தூஸ் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது. கால் இரண்டும் தன் பாட்டுக்கு லேப்டாப்பை நோக்கி நடந்தன. போனை வயரில் செருகும்போது இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தடவை பொருந்தியது. நூறு நாளாக அழிக்கவும் முடியாமல் காட்டவும் முடியாமல் வைத்திருந்த மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடியை ஓட விட்டார்.

இந்தத் தடவை புல்லாங்குழல் இல்லை. ஜனங்களின் சிரிப்பு இருந்தது. வேலன் சாய்ந்தார். ஒன்னு, ரெண்டு, மூணு. கோபி மண்டபம் மொத்தமும் ஒரே குரலாக எண்ணியது. அதில் குழந்தைகள் இருந்தார்கள், கிழவிகள் இருந்தார்கள். பதினொன்றில் ஒரு குரல் தனியாக எழுந்து, "முட்டை வெந்துபோச்சுங்க மேனேஜர், எந்திரிங்க" என்றது. அது அப்புசாமியின் குரல். லேப்டாப் பக்கத்தில் நின்ற அப்புசாமி அதைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். பதினான்கில் லோகப்பிரியா குனிந்தாள். "அம்மணி, தொடாதீங்க, தொடாதீங்க. சென்னிமலைல இருபத்தஞ்சுங்க." போனுக்குப் பக்கத்திலிருந்து வந்ததால் மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு ஒலித்தது. விசில். கைத்தட்டல். லோகப்பிரியா நிமிர்ந்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு நின்றாள்.

இருபத்தைந்து வந்தது. எழவில்லை. ஓகோ என்று கத்தினார்கள், இன்னும் உற்சாகமாக எண்ணினார்கள். முப்பத்தைந்துக்குப் பிறகு குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நாற்பதில் எண்ணியவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். நாற்பத்து மூன்றை ஒரு ஆள் மட்டும் சொன்னார். அதுவும் குத்தூஸ்தான். பிறகு லோகப்பிரியாவின் அலறல், ஆடுகிற தரை, இருட்டு.

கோபிக்கு வந்திருந்தவர்கள் நாற்பது பேராவது அங்கே இருந்தார்கள். அவனவன் குரலை அவனவன் அடையாளம் கண்டுகொண்டிருந்தான். வெளியே அனுப்பச் சொன்ன ஆள் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வெட்டுனது நாந்தானுங்க" என்றார் குத்தூஸ். "சத்தத்த அமுக்கிப் பாட்டுப் போட்டதும் நாந்தான். என்ர கொரலு வெளிய தெரிஞ்சுரக்கூடாதுன்னு செஞ்சுபோட்டேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க."

இதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நூறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. அவர் நாச்சியம்மாளைப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும், அறைந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

நாச்சியம்மாள் கோபிக்குப் போகாதவர். தன் கணவரின் கடைசி மூன்று நிமிடத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குத்தூஸ் பக்கம் திரும்பினார்.

"அவரு வுளுந்தா எண்ணோணும்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தது என்ர ஊட்டுக்காரருங்க. இருவது வருசமாச் சொல்லிக்குடுத்தாரு. அதுக்கு நான் உங்களயும் சொல்லமாட்டேன், ஆரையும் சொல்லமாட்டேன். அவரே ஆசப்பட்டு வாங்குன கைத்தட்டலு." வயரில் தொங்கிய போனைக் காட்டினார். "வெட்டோணும்னு ஆருங்க உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

குத்தூஸ் போனை வயரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நாச்சியம்மாள் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க வந்து உக்காரு கண்ணு" என்றார். லோகப்பிரியா உடனே உட்காரவில்லை. குத்தூஸிடம் வந்தாள். அதிமதுரம் கொடுத்தபோது இருந்த தூரம்தான், ஒரு முழம்.

"நூறு நாளுங்ணா" என்றாள். "வெளிய போறப்ப மூஞ்சிய மூடிட்டுப் போனேன்."

"தப்புத்தானுங்க."

"குரூப்புல போடுங்க. வெட்டாம."

அங்கேயே நின்றபடி போட்டார். முழு வீடியோ, கனமான கோப்பு. மண்டபத்துக்குள் சிக்னல் கம்மி. போனில் அந்தச் சின்ன வட்டம் மெல்ல மெல்லச் சுற்றியது. பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று சந்தேகப்படுகிறவளைப்போல அவள் நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சமையற்கட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, இலை போடலாமா என்று கேட்க வந்து, கேட்காமல் திரும்பிப் போனார்.

வட்டம் முடிந்தது. முதலில் அப்புசாமியின் சட்டைப்பையில் ஒரு 'டிங்'. பிறகு கண்டக்டரின் போனில். பிறகு வரிசை வரிசையாக மண்டபம் முழுக்க டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே போனது. லோகப்பிரியாவின் பைக்குள் மட்டும் சத்தம் வரவில்லை. மூன்றாம் நாளே அவளைக் குரூப்பிலிருந்து நீக்கியவர் அட்மின்தான்.

குத்தூஸுக்கு அது அப்போதுதான் உறைத்தது. "நம்பரச் சொல்லுங்க அம்மணி, திருப்பிச் சேத்துடறேன். உங்களுக்கும் வந்துரும்" என்றார் அவசர அவசரமாக.

"எனக்கு எதுக்குங்ணா?" என்றாள் லோகப்பிரியா. "நான் அங்கதான இருந்தேன்."